தகிட தகிட தக

சென்ற இதழில் ஜமைக்காவின் கிடார் கலைஞர் எர்னஸ்ட் ராங்லின் பற்றி இந்தப் பகுதியில் நாலே நாலு வரி எழுதியிருந்தேன். அதற்குக் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை, தாராபுரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு பேச்சு இல்லை. கரீபியன் தீவுகளின் நாட்டுப்பாட்டு, ஜாஸ் கிடார், நம்மூர் மேளம். இவ்வளவுதான்.

கரீபியன் நாட்டுப்பாட்டை ஜாஸ் கிடாரில் முதலில் கலந்தது யாருங்க? (கல்லூரி மாணவர், காங்கேயம்)

ஒருவர் தலையில் மகுடம் வைக்க முடியாது தம்பி. மூன்று தீவுகளில் மூன்று பேரைச் சொல்கிறேன். டிரினிடாடின் ஃபிட்ஸ்ராய் கோல்மன், 1945இல் லண்டனுக்குப் போய், கலிப்ஸோ என்ற தன் தீவுப் பாட்டைப் பாடுபவர்களுக்கு ஜாஸ் வாசனையோடு கிடார் வாசித்தவர். ஜமைக்காவின் எர்னஸ்ட் ராங்லின், 1932இல் பிறந்தவர். குவாதலூப்பின் ஜெரார் லொக்கேல், பாரிஸில் ஜாஸ் வாசித்துவிட்டு ஊர் திரும்பி, ஜாஸ் என்ற பெயரையே வேண்டாம் என்று சொன்னவர். மூவரில் என் மனம் சாய்வது லொக்கேல் பக்கம். காரணம் கீழே வருகிறது.

ராங்லின் அப்படி என்ன செய்தார்? (ஆசிரியை, சென்னிமலை)

ஜமைக்காவின் கிராமத்து இசைக்கு மென்ட்டோ என்று பெயர். கிடார், பான்ஜோ, கை மேளம், அப்புறம் ரும்பா பெட்டி. இந்த ரும்பா பெட்டி ஒரு மரப்பெட்டி. அதில் இரும்புத் தகடுகள் பதித்திருக்கும். அதன் மேலேயே உட்கார்ந்து விரலால் தட்டித் தட்டி அடிநாதம் தருவார்கள். ராங்லின் சிறுவயதில் மாமன்மார் வாசிப்பைப் பார்த்துக் கற்றவர். பிறகு அமெரிக்காவின் சார்லி கிறிஸ்டியன் இசைத்தட்டுகளைக் கேட்டு ஜாஸ் பிடித்துக்கொண்டார். ஓட்டல் இசைக்குழுக்களில் இரவில் ஜாஸ், பகலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஊர்ப்பாட்டு. இரண்டும் ஒரே விரலில் ஓடியதால் தானாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிட்டது. ஸ்கா என்ற துள்ளல் இசை உருவானபோது அதன் கிடார் வெட்டை வடிவமைத்தவர்களில் முன்வரிசை ஆள் இவர். 1964இல் உலகமெல்லாம் ஓடிய மில்லி ஸ்மாலின் 'மை பாய் லாலிபாப்' பாட்டுக்கு இசை ஒழுங்கு செய்தவரும் இவர்தான். அதே ஆண்டு லண்டனில் ரோனி ஸ்காட் ஜாஸ் அரங்கில் மேடையேறினார். ஒரே ஆள், ஒரே ஆண்டு: இந்தப் பக்கம் பெட்டிக்கடை ரேடியோவில் ஒலிக்கும் பாட்டு, அந்தப் பக்கம் ஜாஸ் ரசிகர்கள் மூச்சடக்கிக் கேட்கும் வாசிப்பு. இரண்டையும் தாழ்வு உயர்வு பார்க்காமல் செய்ததுதான் அவர் பெருமை.

கரீபியன் தாளம் நமக்குப் பிடிபடுமா? கஷ்டமா? (தவில் பயிலும் மாணவர், தாராபுரம்)

உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எட்டு அட்சரத்தை மூன்று, மூன்று, இரண்டாக உடையுங்கள். தகிட தகிட தக. நிறுத்தாமல் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் அழுத்தம் கொடுங்கள். கியூபாவிலிருந்து டிரினிடாட் வரை அந்தக் கடலின் பாதி இசை இந்த உடைப்பின் மேல்தான் நிற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் பிடித்துக் கொண்டுபோகப்பட்ட மக்கள் உடம்பில் சுமந்து சென்ற கணக்கு அது. அங்கே மேற்கத்திய இசைக்கல்லூரிக்காரர்கள் புள்ளி போட்டுக் கோடு போட்டு விளக்குவதை, தவில் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை ஒரு நிமிடத்தில் வாயால் சொல்லிவிடும். இந்த வசதியை நாம் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்காவில் கிடார் ஏன் நொண்டுவது போலக் கேட்கிறது? (அரிசி ஆலை ஊழியர், காங்கேயம்)

நொண்டவில்லை. கைதட்டு விழும் இடத்தில் கிடார் மௌனம். இரண்டு தட்டுக்கு நடுவில் வெட்டு. நம் பாடகர்கள் அரை இடம் தள்ளி எடுப்பது போலத்தான், ஆனால் அங்கே பாட்டு முழுக்க, ஒவ்வொரு அடியிலும். ஆலை இயந்திரம் சீராக ஓடும்போது அதன் சத்தத்துக்கு நடுவில் கைதட்டிப் பாருங்கள், உடனே பிடிபடும்.

லொக்கேல் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்க. (நூலகர், வெள்ளகோவில்)

விரிவாகவே சொல்கிறேன், இந்த வாரத்தின் நாயகர் அவர்தான்.

குவாதலூப் பிரான்சின் ஆளுகையில் உள்ள சிறு தீவு. கரும்புத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்த ஆப்பிரிக்கர்கள் உருவாக்கிய மேள இசைக்குக் க்வோகா என்று பெயர். இரண்டு வகை மேளம். பூலா என்பது கனத்த குரலில் தாளத்தைப் பிடித்து நிறுத்தும். மாக்கே என்பது மெல்லிய கூர்மையான குரலில் ஆடுபவரின் காலைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொல்லும். ஏழு அடிப்படை நடைகள்: தும்ப்ளாக், க்ராஜ், கலாஜா, லெவோஸ், பஜன்பெல், வூலே, மெந்தே. வேலைக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று. நடுவில் ஒருவர் பாட, சுற்றி நிற்பவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள்.

லொக்கேல் இளைஞராக இருந்தபோதே பாரிஸ் போனார். ஜாஸ் கிடார் வாசித்துப் பல ஆண்டு பிழைத்தார். 1969இல் ஊர் திரும்பினார். திரும்பியவர் செய்த முதல் காரியம் கிடாரைத் தூக்கிக் காட்டியதல்ல, க்வோகா மேளக்காரர்களோடு உட்கார்ந்து கேட்டது. கேட்டதில் அவருக்கு ஒன்று தெளிவானது. இந்தப் பாட்டுகள் ஐரோப்பாவின் மேஜர், மைனர் என்ற இரு பெட்டிகளில் எதிலும் அடங்கவில்லை. அவற்றுக்கென்று தனி ஸ்வர நடை இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, கிடாரில் வாசிக்கும் முறை ஒன்றை வகுத்தார். 1976இல் 'க்வோகா மோடேன்' என்ற இசைத்தட்டுத் தொகுப்பு வந்தது. 1981இல் அதற்கொரு பாடநூலும் எழுதினார்.

இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? அவர் வாசித்ததை ஜாஸ் என்று சொன்னால் ஒப்பமாட்டார். தீவுக்கு வந்த பயணிகளை மகிழ்விக்கும் இசையாகக் க்வோகா ஆகிவிடக்கூடாது என்பதில் அவருக்குப் பிடிவாதம் இருந்தது. தீவின் விடுதலை பேசியவர்களுக்கு அவர் இசை கொடியாகவும் இருந்தது. ஜாஸ் அவருக்குக் கொடுத்தது விரலின் சுதந்திரம், நினைத்த நேரத்தில் புதிதாக வாசிக்கும் துணிச்சல். இசையின் எலும்பு க்வோகாவுடையது. கலப்பு என்றால் இந்த வரிசைதான் சரி என்பது என் கட்சி. நாட்டுப்பாட்டு வீட்டுக்காரர், கிடார் விருந்தாளி.

பிறகு அந்த இசைக்கு மரியாதை கிடைத்ததா? (அதே நூலகர்)

2014இல் க்வோகா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. கிறிஸ்தியன் லாவிசோ போன்ற அடுத்த தலைமுறைக் கிடார் கலைஞர்கள் அதே பாதையில் நடக்கிறார்கள்.

நம்ம நாட்டில் இதற்கு இணையாக யாராவது? (பேருந்து நடத்துநர், பல்லடம்)

லொக்கேலின் தட்டு வந்த ஆண்டு என்ன சொன்னேன்? 1976. அதே 1976இல் தமிழில் இளையராஜா இசையமைத்த 'அன்னக்கிளி' படம் வந்தது. இளையராஜாவும் கிடார்காரர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வு எழுதியவர். அதற்கு முன் அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். பூமியின் இரண்டு மூலையில், ஒருவரையொருவர் அறியாத இரண்டு கிடார்காரர்கள், ஒரே ஆண்டில், களத்துமேட்டுப் பாட்டை நடுக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். இளையராஜா செய்தது ஜாஸ் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படித்த ஹார்மனியை நாட்டுமெட்டின் காலடியில் வைத்தது ஒரே மனப்பாங்கு. இந்தப் பொருத்தத்தைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

கரீபியன் தீவில் தமிழர்கள் உண்டாமே, நிஜமா? (பள்ளி மாணவி, ஊதியூர்)

நிஜம்தான் அம்மணி. 1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம். 1854 முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர்களைக் குவாதலூப்புக்குக் கொண்டுபோனார்கள். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கப்பலேறிய தமிழர்கள் அதில் ஏராளம். மொழி போய்விட்டது. மாரியம்மன் போகவில்லை. கபெஸ்டேர் பகுதியில் ஷாங்கி என்ற இடத்தில் கோபுரத்தோடு கோயில் நிற்கிறது. பூசையில் தப்பும் மத்தளமும் அடிக்கிறார்கள். தென்னமெரிக்காவின் கயானாவிலும் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களின் பிள்ளைகள் காளியம்மன் பூசையில் இன்றும் தப்பு அடிக்கிறார்கள். அடிப்பதற்கு முன் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றுகிறார்கள், நம்மூரில் செய்வதைப் போலவே.

அப்படியானால் அங்கே தப்பும் கிடாரும் சேர்ந்திருக்க வேண்டுமே? (அதே மாணவி)

நல்ல கேள்வி. கோயில் மேளம் பெரும்பாலும் கோயிலுக்குள்ளேயே நின்றது. டிரினிடாடில் வேறு வழியில் சேர்ந்தது. 1970இல் சுந்தர் போப்போ பாடிய பாட்டோடு சட்னி என்ற இசைவகை வெளிச்சத்துக்கு வந்தது: போஜ்புரிக் கல்யாணப் பாட்டு, டோலக்கு, கூடவே கிடார். மங்கள் பட்டாசர் என்ற சிதார் கலைஞர் எஃகு மேளத்தையும் சிதாரையும் இணைத்துப் 'பான்டார்' என்று குழுவே அமைத்தார். அதெல்லாம் வடக்கத்திய வேர். தப்பின் நடையில் எழுந்த ஜாஸ் கிடார் இசைக்கு இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. ஊதியூரிலிருந்து யாராவது எழுந்து வந்தால் முதல் வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன்.

எஃகு மேளம் என்றால் எண்ணெய் டிரம்தானே? காங்கேயத்தில் எண்ணெய் ஆலைக்கும் டிரம்முக்கும் பஞ்சமே இல்லை. நாமே செய்யலாமா? (எண்ணெய் ஆலை உரிமையாளர்)

செய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். ஆங்கிலேயர் 1880களில் டிரினிடாடில் தோல்மேளத்துக்குத் தடை போட்டார்கள். மக்கள் மூங்கிலைத் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு தகர டப்பா, பிஸ்கட் டின். 1940களில் எல்லி மானெட் போன்ற இளைஞர்கள் 55 கேலன் எண்ணெய் டிரம்மைக் கையிலெடுத்தார்கள். அடிப்பாகத்தைச் சுத்தியால் அடித்துக் குழிவாக்கி, ஸ்வரத்துக்கு ஒரு மேடாகப் பிரித்து, நெருப்பில் காய்ச்சி, மறுபடி தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார்கள். சுருதி சேர்ப்பது மட்டுமே தனித் தொழில். உங்களிடம் டிரம் இருக்கிறது. பாத்திரம் அடிக்கும் கைகளும் கொங்கு நாட்டில் உண்டு. காது பழக வேண்டும், அவ்வளவுதான். ஒரு டிரம்மைத் தானமாகக் கொடுத்துப் பாருங்களேன்.

எங்கள் ஊர்ப் பாட்டில் அப்படிக் கிடாருக்கு என்ன இருக்கிறது? (கிடார் பழகும் இளைஞர், காங்கேயம்)

உங்கள் காலடியிலேயே இருக்கிறது. காங்கேயம் பக்கத்தில் ஓலப்பாளையம் தெரியுமல்லவா? 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் அங்கே வந்து தங்கினார். 1965இல் அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடக் கேட்டு ஒலிநாடாவில் முழுமையாகப் பதிந்தார். பாடியவர் இ.சி. ராமசாமி. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி என்று நம் வீட்டுக் கிழவிகள் சொன்ன கதைதான். கொங்கு சமூகத்தைப் பற்றிப் பெக் 1972இல் வெளியிட்ட நூலும், அண்ணன்மார் கதையைப் பற்றி 1982இல் வெளியிட்ட நூலும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கதையை உடுக்கையோடு ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்?

கிடார்காரர் அதில் கவனிக்க வேண்டியது உடுக்கையின் இடுப்பு. கயிற்றை அழுத்தினால் நாதம் மேலே ஏறும். தளர்த்தினால் கீழே வழியும். ஒரு அடிக்குள் ஸ்வரம் வளைகிறது. கிடாரில் தந்தியை இழுத்து வளைத்தால் அதே சரிவு வரும். ஜாஸ்காரர்களும் புளூஸ்காரர்களும் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். பாடகர் வசனமாகப் பேசிக்கொண்டே போய்த் திடீரென்று பாட்டில் ஏறுகிற இடங்கள் இருக்கின்றனவே, அங்கே உடுக்கை என்ன சொல்கிறது என்று ஒரு மாதம் கேளுங்கள். அதன்பிறகு கிடாரைத் தொடுங்கள்.

நாட்டுப்பாட்டுக்குக் கார்டு போட்டால் சினிமாப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்ய? (அதே இளைஞர்)

கார்டைக் குறையுங்கள். பாட்டு ஒரே ஆதார ஸ்வரத்தைச் சுற்றி நடக்கிறது. நீங்கள் அடிக்கு ஒரு கார்டு மாற்றினால் அதன் கால் தடுக்கும். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959இல் 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டில் செய்தது என்ன? கார்டு ஓட்டத்தை ஒதுக்கிவைத்து, ஒரு ஸ்வர வரிசையிலேயே நெடுநேரம் தங்கினார். லொக்கேலும் ஐரோப்பியக் கார்டு இலக்கணத்துக்கு வெளியே நின்றார். நீங்களும் தடித்த தந்தியில் ஆதாரத்தை ஒலிக்கவிட்டு, மேலே இரண்டு அல்லது மூன்று ஸ்வரங்களை மட்டும் சேர்த்துப் பிடியுங்கள். அவை ச-ம, ப-ச என்று நான்கு இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தால் மேஜர், மைனர் என்ற சாயம் ஒட்டாது. பாடுபவர் எந்தக் காந்தாரம் பிடிக்கிறாரோ அதை அவரிடமே விட்டுவிடுங்கள். அந்த ஒரு ஸ்வரத்தை நீங்கள் முந்திக்கொண்டு அடித்தால்தான் சினிமா வாடை வருகிறது.

பறையடியைக் கிடாரில் கொண்டுவர முடியுமா? (பறை பயிலும் மாணவர், குண்டடம்)

முடியும். வலது கையைப் பாருங்கள். கட்டை விரல் உங்கள் அடிக்குச்சி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சிண்டுக் குச்சி. கட்டை விரல் தடித்த தந்தியில் நடையை விடாமல் பிடிக்க, மற்ற விரல்கள் மெல்லிய தந்தியில் சிதறட்டும். முதல் இரண்டு வாரம் இடது கையால் தந்திகளை மெதுவாகத் தொட்டு ஒலியை அமுக்கிவிட்டு, ஸ்வரமே இல்லாமல் வெறும் தாளம் வாசியுங்கள். ஸ்வரம் வந்துவிட்டால் காது இனிமையைத் தேடிப் போய்விடும், நடை கெட்டுவிடும். பறை தெரிந்த உங்களுக்கு இது கிடார் தெரிந்தவரைவிடச் சீக்கிரம் வரும்.

வள்ளிக்கும்மிக்கும் ஜாஸுக்கும் ஒத்துப்போகுமா? (இல்லத்தரசி, நத்தக்காடையூர்)

போகும். கும்மியில் பல பாட்டுகள் மூன்றின் நடையில் சுழல்கின்றன. குவாதலூப்பின் வூலே நடையும் மூன்றில் சுழல்வது. வேலை செய்யும் கைகளுக்காகப் பிறந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கைதட்டிப் பாருங்கள். கோவை மாவட்டத்தின் வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. முதிய வயதிலும் பெண்களைச் சேர்த்துக் கற்பித்தவர் அவர். கும்மிக்குக் கிடார் வாசிக்க வருபவர் நடுவட்டத்தில் நாற்காலி போட்டு உட்காராமல், முதலில் வட்டத்தில் சேர்ந்து ஆடிக் கற்றுக்கொள்ளட்டும்.

கலப்பு செய்தால் நாட்டுப்பாட்டு கெட்டுப்போகும் என்கிறாரே எங்கள் பெரியவர்? (வாசகர், சிவன்மலை)

பெரியவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாட்டைக் கெடுப்பது கிடார் அல்ல. பாட்டுக்காரரை மேடையின் பின்னால் தள்ளுவதுதான் கெடுக்கிறது. குவாதலூப்பில் மார்செல் லோலியா என்று ஒரு மாக்கே மேளக்காரர் இருந்தார். ஊரார் வேலோ என்று அழைப்பார்கள். அந்தத் தீவின் மிகப்பெரிய மேளக்கை அது. ஆனால் வறுமையில், தெருவிலேயே காலம் கழிந்தது. 1984இல் இறந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். இன்று புவாந்த்-ஆ-பித்ர் நகரத் தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிலை வேண்டாம், உயிரோடு இருக்கும்போது சம்பளம் கொடுத்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கினோம், அடிப்பவரையும் ஒதுக்கினோம். இப்போது பறை மேடையேறியிருக்கிறது; மதுரையின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் கலப்பிசை என்ற பெயரில் கச்சேரி வைக்கும்போது விளம்பரத்தில் கிடார்காரர் பெயர் பெரிதாகவும், 'மற்றும் நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்று கடைசியில் பொடியாகவும் அச்சடிக்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. பெயர் போடுங்கள். கிடாருக்கு என்ன கூலியோ அதே கூலி பறைக்கும். பதிவு செய்தால் உரிமைப் பங்கும். இதைச் செய்யும் குழு எதை எதோடு கலந்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

தமிழில் கலிப்ஸோ உண்டா? (ஓய்வுபெற்ற தபால்காரர், ஊத்துக்குளி)

நீங்களே கேட்டு ஆடியிருப்பீர்கள். 1956இல் ஹாரி பெலஃபான்டேயின் 'கலிப்ஸோ' தட்டு உலகைச் சுற்றி வந்தபோது இலங்கையில் அது ஆழமாக இறங்கியது. மூன்று நான்கு பேர், கையில் கிடார், ஒரு பொங்கோ என்று குழுக்கள் முளைத்தன. போர்த்துகீசியர் காலத்தில் வந்த ஆப்பிரிக்க வழியினரின் ஆட்டத்திலிருந்து பிறந்த பைலா அங்கே ஏற்கெனவே இருந்தது. இரண்டும் கைகோத்தன. அந்தக் காற்றில்தான் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார், ஏ.இ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் கடந்து இங்கே கொண்டுவந்தார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டுக்காரர் யாருக்கும் இந்த ஆட்டம் அந்நியமில்லை. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் சுராங்கனி வந்துவிட்டாள். கிடார் வாசிப்பு எளிமையானதுதான், ஜாஸ் நுணுக்கம் கிடையாது. ஆனால் கரீபியன் துள்ளலில் வீட்டுப் பேச்சுத் தமிழ் எவ்வளவு இயல்பாக உட்காருகிறது என்று அந்தப் பாட்டுகள் அன்றைக்கே காட்டிவிட்டன.

தமிழ்நாட்டில் ஜாஸ் கிடார் உயர்ந்த தரத்தில் வாசிப்பவர்? (பொறியியல் மாணவர், பெருந்துறை)

ஆர். பிரசன்னா. ராணிப்பேட்டையில் பிறந்தவர், சென்னை ஐஐடியில் கப்பல் பொறியியல் படித்தவர், பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக்கல்லூரி. கர்நாடக கமகத்தைக் கிடார் தந்தியில் இழுத்துப் பேசவைத்தவர். 2006இல் 'எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்' என்று ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு வணக்கம் சொல்லும் தட்டு வெளியிட்டார். பொறியியல் படித்துக்கொண்டே வாசிக்க முடியுமா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருந்தால், பதில் அவரே.

ஜாஸ் கிடாரில் பெண்கள் உண்டா? (பிளஸ் டூ மாணவி, மூலனூர்)

மேரி ஆஸ்போர்ன், 1921இல் பிறந்தவர். சார்லி கிறிஸ்டியன் வாசித்ததை நேரில் கேட்டு மின்கிடாருக்கு மாறியவர். எமிலி ரெம்லர், 1957இல் பிறந்து 1990இலேயே போய்விட்டார். வாசித்த குறுகிய காலத்தில் ஜாஸ் உலகம் திரும்பிப் பார்த்தது. தேடிக் கேளு கண்ணு. அப்புறம் உன் பாட்டியிடம் போய் நடவுப்பாட்டு இரண்டு கற்றுக்கொள். இந்த இரண்டு பாடமும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருப்பது உலகத்திலேயே அபூர்வம்.

எந்தக் கிடார் வாங்கலாம்? (கடைக்காரர், தாராபுரம்)

நைலான் தந்தி போட்ட சாதாரணக் கிடார். விரலுக்கு இதம், பறை நடைக்கு ஏற்ற மொட்டையான ஒலி. ஜாஸ்காரர்களின் உள்ளே குடைந்த மின்கிடார் விலை அதிகம். கை பழகிய பிறகு பார்க்கலாம்.

முதலில் எதைக் கேட்பது? (பலர்)

சோனி ராலின்ஸ் 1956இல் வாசித்த 'செயின்ட் தாமஸ்'. சாக்ஸஃபோன்தான், ஆனால் அவர் பெற்றோர் கரீபியன் வெர்ஜின் தீவுகளிலிருந்து வந்தவர்கள், மெட்டும் அங்கே புழங்கியது. கிடார் பழகும் பிள்ளைகளும் அதை வாசிக்கிறார்கள். அடுத்து 1962இல் அவர் 'வாட்ஸ் நியூ' தட்டில் கலிப்ஸோ வாசிக்கும்போது பின்னால் ஜிம் ஹால் பிடிக்கும் கிடார்: எவ்வளவு குறைவாக வாசிக்கலாம் என்பதற்குப் பாடம் அது. பிறகு ராங்லினின் 'பிலோ த பேஸ்லைன்', 1996. அதைத் தொடர்ந்து 1998இல் அவர் ஆப்பிரிக்காவின் செனகலுக்கே போய் அந்நாட்டுக் கலைஞர்களோடு பதிந்த 'இன் சர்ச் ஆஃப் த லாஸ்ட் ரிடிம்'. தாளம் கிளம்பிய கண்டத்துக்கு அறுபது வயது தாண்டிய மனிதர் கிடாரோடு போய் நிற்கிறார். கடைசியாக லொக்கேல். அவரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், காது கொஞ்சம் பழகியிருந்தால்தான் அவர் கதவு திறப்பார்.

தைப்பூசத்துக்குச் சிவன்மலையில் கிடாரோடு காவடிச்சிந்து வாசித்தால் ஏற்பார்களா? (இளைஞர், படியூர்)

காவடி எடுப்பவரின் கால் தடுமாறாமல் வாசித்தால் ஏற்பார்கள். அவர் கால்தான் உங்களுக்குத் தாளம். உங்கள் கைக்கு அவர் ஆடவேண்டியதில்லை. குவாதலூப்பின் மாக்கே மேளக்காரருக்கும் சட்டம் இதுவே.

எங்கள் குழுவில் பறை இரண்டு, உருமி ஒன்று, கிடார் ஒன்று. ஒத்திகையை எப்படித் தொடங்குவதுங்க? (இளைஞர் குழு, முத்தூர்)

முதல் ஒரு மாதம் கிடார்காரர் கிடாரை உறையிலேயே வைக்கட்டும். பறை பிடித்து அடிக்கட்டும். இரண்டாம் மாதம் கிடார் அமுக்கிய தந்தியில் தாளம் மட்டும். உருமியின் அந்த இழுப்பை, வளைந்த குச்சி தோலில் உராயும் ஒலியை, கிடாரின் தடித்த தந்தியில் தேடட்டும். மூன்றாம் மாதம் ஒரே ஒரு பாட்டு. அண்ணன்மார் கதையிலிருந்து ஒரு துண்டு எடுங்கள், பாட வயதான ஒருவரைக் கூப்பிடுங்கள், அவர் சுருதிக்குக் கிடாரை மாற்றிக்கொள்ளுங்கள், கிடாரின் சுருதிக்கு அவரை மாற்றாதீர்கள். கிடார் தனியாவர்த்தனம் வாசிக்கும் முறை வரும்போது பறை நிற்கக்கூடாது. தயாரானதும் ஊரையும் நாளையும் எழுதி அனுப்புங்கள், முத்தூருக்கு வந்துவிடுகிறேன்.